நிமிஷத்துக்கு மூணு குண்டு

தையற்கடை அக்கா எழுதிய மூன்றாவது நாவலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்க்கதைதான். புத்தகக் கடை வாசலில் மேஜை போட்டு அவளே கூவி விற்றாள். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் பக்கத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அந்தக் காலத்துத் துப்பாக்கியில நிமிஷத்துக்கு மூணு குண்டு சுடலாம்மா. உங்க சிப்பாய் ஒண்ணுதான் சுடுறான். திருத்துங்க."

துடைப்பக் கட்டையைத் துப்பாக்கியாகப் பிடித்து நடித்துப் பார்த்த பிறகே எழுதுகிறவள் அவள். சுருக்கென்று கோபம் வந்தது. தன் குடையை அவர் கையில் திணித்தாள்.

"சுடுங்க சார்."

குழலில் வெடிமருந்தைக் கொட்டுவது, கம்பியால் இடிப்பது என்று அவரும் சளைக்காமல் செய்து காட்டினார். ஒரு குண்டு ஆயிற்று.

"பக்கத்துல நின்ன உங்க தம்பி குண்டு பட்டு விழுந்துட்டான். ம், அடுத்ததப் போடுங்க," என்றாள்.

அவர் கை அப்படியே நின்றது.

"அந்த நிமிஷத்தத்தான் எழுதியிருக்கேன். ஒரு எழுத்தக்கூட மாத்த மாட்டேன்."