லக்மீர் சிங் கேக்காத கேள்வி

தலைப்பாகைத் துணியோட ஒரு நுனிய மாட்டுக்கொட்டாய் கேட்டுக் கம்பியில முடிஞ்சுட்டு, இன்னொரு நுனியக் கையில பிடிச்சுக்கிட்டு, லக்மீர் சிங் பின்பக்கமாவே நடந்து போறாரு. போகப் போகத் துணி விறைப்பாகுது. ஒரு உதறு உதறி, நீளத்துக்கும் மடிச்சு, நுனியப் பல்லுல கவ்விக்கிட்டு சுத்த ஆரம்பிச்சா கண்ணாடியே வேண்டியதில்ல. சுத்தி முடிச்சதும் காதுக்கு மேல ஒரு தட்டு. அவ்வளவுதான்.

இதுக்கு ரெண்டு ஆளு வேணும். வீட்டுல இன்னொரு நுனியப் பிடிக்க வேண்டிய சம்சாரம் நசீப் கௌர், கீரை பொட்டலம் கட்டற எடத்துக்கு விடியறதுக்கு முன்னாடியே காரை எடுத்துக்கிட்டுப் போயிடும்.

"கேட்டு நல்ல கேட்டு. எங்கயும் போறதில்ல. 'சீக்கிரம் முடிங்க'ன்னும் சொல்றதில்ல"ம்பாரு.

ஒரே ஒரு தடவ பம்மி வந்து நுனிய மென்னு தின்னுடுச்சு. பம்மிங்கறது பசு. உதைக்கற பசு. நசீப் கௌரோட தங்கச்சி பேரும் அதுதான்.

"உதைக்கற மாட்டுக்கெல்லாம் எங்க வீட்டு ஆளுங்க பேரா?"ன்னு நசீப் கௌர் கேட்டா, "பாலு அதிகமாக் கறக்கறதும் அதுதானே"ன்னு சமாளிப்பாரு.

இத்தாலியில, கிரெமோனா பக்கத்து சமவெளியில, எத்தோரே முதலாளியோட பண்ணையில மாடு கறக்கறதுதான் லக்மீர் சிங்குக்கு வேலை. வீடும் பண்ணை மூலையிலயே. காலையில ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. நடுவுல குளிச்சு, நல்ல தலைப்பாகையாக் கட்டிக்கிட்டு சைக்கிள்ல கிளம்பிடுவாரு. ஸ்கூட்டர் வாங்கலாம், வசதி இருக்கு. ஆனா இந்த நாட்டுல ஸ்கூட்டர்ல ஏறுனா ஹெல்மெட் போடணும், ஹெல்மெட் போட்டா தலைப்பாகைய இறக்கணும். இறக்க மாட்டாரு. அதனால சைக்கிள்.

தலைப்பாகை எந்த நிறம்னு வானத்தப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாரு. வெயில் நாள்ல நீலமோ சாம்பலோ எதுவோ ஒண்ணு. குளிர்காலத்துல பனி இறங்கி எதிர்ல இருக்கற மரமே தெரியாமப் போனா, கண்ணைப் பறிக்கற ஆரஞ்சு.

"சாமிக்கு எந்த நிறமும் ஒண்ணுதான். டிராக்டர்காரன் கண்ணுல நான் படணுமே" அப்படிம்பாரு. இருட்டுல சைக்கிள் ஓட்டறவன் மினுமினுன்னு மின்னற சட்டை போடணும்னு ஒரு நாள் போலீஸ்காரரு நிறுத்துனாரு. லக்மீர் சிங் தலையத் தொட்டுக் காட்டி, "இதவிடவாங்க மின்னும்?"னு கேட்டாரு. போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துடுச்சு, ஆனாலும் சட்டை போட்டே ஆகணும்னுட்டாரு. இப்ப ரெண்டும் சேந்து, சீரியல் விளக்கு போட்ட கல்யாண வீடு நகந்து வர்ற மாதிரி வருவாரு.

ஞாயித்துக்கிழமை ஆனா குருத்வாராவுல அவருக்கு ஒரு நாற்காலி. முன்னாடி டிராக்டர் நிறுத்துற கொட்டகையா இருந்த எடம் அது. உள்ள பாட்டு நடக்கும், பின்னால சப்பாத்தி சுடற புகை வரும். இவரு கதவோரமா உக்காந்து தலைப்பாகை கட்டிவிடுவாரு. மாப்பிள்ளைங்க, மாப்பிள்ளைத் தோழனுங்க, வைசாக்கித் திருவிழா ஊர்வலத்துக்குப் போறவங்கன்னு வரிசையா வருவாங்க. இங்கயே பொறந்து வளந்த பசங்க. இத்தாலிக்காரன் மாதிரியே சண்டை போடத் தெரியும், தலைப்பாகை கட்டத் தெரியாது.

"இறுக்குது மாமா."

"இதுக்கே இப்படியா? சாயங்காலத்துக்குள்ள உன்னை வேற ஒருத்தி இறுக்கிடுவா. இப்பவே பழகிக்க."

"தலைவலிக்குது மாமா."

"மூச்சப் பிடிச்சா தலைவலிக்கத்தான் செய்யும். நான் தலையத்தான் கட்டறேன், கழுத்த இல்ல. விடு மூச்ச."

சீக்கியருக்கு முடிய வெட்டக்கூடாதுதான், ஆனா பாதிப் பேரு ஒட்ட வெட்டுனவங்க. அவங்க தலையில துணி நிக்காது, வழுக்கும். லக்மீர் சிங் அடியில ஒரு பட்டைத் துணியக் கட்டிட்டு அதுக்கு மேல சுத்துவாரு. 'ஏண்டா வெட்டுன?'ன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. இது எல்லாருக்கும் ஆச்சரியம். ஏன்னா அவரு தன் பையன்கிட்ட அப்படி இருந்ததில்ல.

பையன் பேரு ஜக்ரூப். பதினாறு வயசுல அவனுக்கு ஸ்கூட்டர் வேணும். கூடப் படிக்கறவன் எல்லாம் ஸ்கூட்டர்ல பறக்கறான், இவன் மட்டும் பஸ்ஸுக்கு நிக்கறான். ஒரு நாள் கடைக்குப் போயி முடிய வெட்டிக்கிட்டு, கையில ஹெல்மெட்டோட வந்து வாசல்ல நின்னான். அன்னிக்கு லக்மீர் சிங் வாயில என்னென்ன வந்துச்சுன்னு நசீப் கௌர் இன்னிக்கும் யாருகிட்டயும் சொல்றதில்ல. 'நீ என் பிள்ளையே இல்ல'ங்கறது அதுல ஒண்ணு. பையன் அன்னிக்கே சிநேகிதன் வீட்டுக்குப் போயிட்டான். திரும்பி வந்தப்புறமும் ரொம்ப நாளைக்கு அப்பாவும் பிள்ளையும் நேரா பேசிக்கல. ஒரே மேசையில உக்காந்துக்கிட்டு, "உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு"ன்னு அவரு நசீப் கௌர்கிட்ட சொல்லுவாரு. உப்பு என்னவோ பையன் கைக்குப் பக்கத்துலதான் இருக்கும்.

அப்புறம் பேச்சு வந்துச்சு. மாட்டப் பத்தி, மழையப் பத்தி, காரு ரிப்பேரு பத்தி எல்லாம் பேசுவாங்க. முடியப் பத்தி மட்டும் கிடையாது. ஜக்ரூப் சிமோனாங்கற இத்தாலிக்காரப் பொண்ணக் கட்டிக்கிட்டப்பவும், டவுன்ல வீடு பாத்துப் போனப்பவும் அவரு வாயத் தொறக்கல. ஒரு தடவ தொறந்து பட்டது போதும்னு இருந்துட்டாரு.

இந்த வருஷம் பனி விலகறதுக்கு முன்னாடி பேரன் பொறந்தான். நிஹால். பொறக்கறப்பவே தலை நிறைய முடி. கறுகறுன்னு, காது மடல் மூடற அளவுக்கு. ஆஸ்பத்திரியில பாத்தவங்க எல்லாம் முகத்தப் பாக்கறதுக்கு முன்னாடி முடியத்தான் பாத்தாங்க.

லக்மீர் சிங்குக்கு நிலைகொள்ளல. புள்ள கொட்டாவி விட்டா போன்ல பிடிப்பாரு, தும்முனா பிடிப்பாரு. மாடு கறக்கற எடத்துல அதை எல்லாருக்கும் காட்டுவாரு. எத்தோரே முதலாளி கண்ணாடிய மூக்குக்கு இறக்கிப் பாத்துட்டு, "சிங், இதே படத்த நேத்தும் காட்டுன"ம்பாரு.

"இல்லீங்க முதலாளி. நேத்து வாயில இருந்தது எடது கை. இது வலது கை."

"ஓ. அப்ப சரி. முடி ரொம்ப இருக்கே, வெட்டுவாங்களா?"

லக்மீர் சிங் போனைப் பையில போட்டுக்கிட்டாரு. "எனக்கென்ன தெரியும். அவங்க பிள்ளை."

அவருக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான். வெட்டுவாங்களா, விடுவாங்களா. தூக்கத்துலயும் அதுதான் ஓடுச்சு. சிமோனா ஒரு நாள் போற போக்குல, "வெயில் வந்தா இவனுக்கு ரொம்ப வேர்க்கும் போல"ன்னு சொல்லிடுச்சு. அதுக்கே ரெண்டு நாளு அவருக்குச் சோறு இறங்கல.

"வாயத் தொறந்து கேட்டுடுங்களேன்"னு நசீப் கௌர் சொல்லிப் பாத்துச்சு.

"கேட்டா?"

"ஆமாம்பான், இல்லம்பான். தெரிஞ்சுடும்."

"இல்லன்னு சொல்லிட்டா நான் சும்மா இருப்பேனா? எனக்கே என்னைத் தெரியும். ஏதாவது பேசிடுவேன். அப்புறம் பேரனையும் பாக்க முடியாது."

கேக்கவே இல்ல. வாரத்துக்கு ரெண்டு தடவ போவாரு. புள்ளைய மடியில போட்டுக்குவாரு. முடி மேல விரல வைக்காம, கால் கட்டைவிரலப் பிடிச்சு ஆட்டிக்கிட்டு இருப்பாரு. முடியத் தடவுனா மனசுல இருக்கறது வெளிய தெரிஞ்சுடும்னு பயம்.

மூணாவது வாரம் புள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சு. சாயங்காலக் கறவை நடந்துக்கிட்டு இருந்தப்ப ஜக்ரூப் போன் பண்ணான். பால் குடிக்க மாட்டேங்கறான், ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம்னான். குரல் ஒரு மாதிரியா இருந்துச்சு. விஷயத்தக் கேட்டதும் எத்தோரே முதலாளி கார் சாவிய எடுத்துட்டாரு.

"மாடு பாதியில நிக்குதுங்க முதலாளி."

"நீ வர்றதுக்கு முன்னாடி இதுங்க பாட்டிகள நாந்தான் கறந்தேன். என் பையன் இருக்கான், பாத்துக்குவான். ஏறு. பூட்ஸக் கழட்டிக்கிட்டு நிக்காத."

சாணி பூட்ஸோட, வேலைக்குக் கட்டற சின்னத் தலைப்பாகையோட ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துல போயி நின்னாரு. உள்ள விடல, ரெண்டு பேருக்குத்தான் அனுமதின்னு சொல்லிட்டாங்க. கதவுல ஒரு கண்ணாடி. அது வழியாப் பாத்தாரு. புள்ள துணி இல்லாம விளக்குக்கு அடியில கிடக்கான். அழுகக்கூட சத்து இல்ல, முனகறான். சிமோனா நாற்காலியில ஒடுங்கிப் போயி உக்காந்திருக்கு. நர்ஸம்மா ஒண்ணு கையில சவரக்கத்தியோட நிக்குது. அதுக்கும் புள்ளைக்கும் நடுவுல ஜக்ரூப் நிக்கறான். கைய விரிச்சுக்கிட்டு, வழி விடாம.

கதவு சரியாச் சாத்தல. பேச்சு நல்லாவே கேட்டுச்சு.

"கையில பாத்தாச்சு, கால்ல பாத்தாச்சு, ஊசி ஏற நரம்பு கிடைக்கல. தலையில கிடைக்கும். கொஞ்சம் முடிய எடுத்தாத்தான் தெரியும். மருந்து உடனே ஏறணும்" அப்படின்னுச்சு நர்ஸம்மா.

"இன்னொரு தடவ கையில பாருங்க. தலை வேண்டாம்."

சிமோனா எந்திரிச்சுச்சு. "ஜக், இப்பவா அதப் பாப்ப? நீயே மாசாமாசம் வெட்டிக்கற."

"அது என் தலை."

"இவனுக்குக் காய்ச்சல் கொதிக்குது."

"தெரியும். எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம் இரு." ஜக்ரூப் கதவப் பாத்தான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா நிக்கறாரு. வேகமா வந்து கதவத் தொறந்தான். நர்ஸம்மாவும் தடுக்கல.

"அப்பா, முடிய மழிக்கணுங்கறாங்க. நான் விடல." சின்னப் பையன் தப்பு பண்ணிட்டு நிக்கற மாதிரி நின்னான். "இவன் தலையில கத்தி படக்கூடாதுன்னு நானும் சிமோனாவும் எப்பவோ முடிவு பண்ணிட்டோம்பா. வளரட்டும், பெரியவனானப்புறம் அவன் இஷ்டம்னு. வைசாக்கி அன்னிக்கு குருத்வாராவுல வச்சு உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தோம். இப்ப நான் என்ன பண்றது?"

லக்மீர் சிங் கேக்காமலே பதில் வந்துடுச்சு. எந்த எடத்துல வந்திருக்குன்னு பாத்துக்கிட்டு நின்னாரு.

"அப்படியா"ன்னாரு.

அப்புறம் மூலையில இருந்த குழாய்க்குப் போனாரு. இரும்புக் காப்ப முழங்கைக்கு மேல ஏத்திவிட்டு, கறவைக்கு முன்னாடி கழுவற மாதிரி விரல் இடுக்கெல்லாம் சோப்பு போட்டுக் கழுவுனாரு. ஈரக்கைய உதறிக்கிட்டே வந்து புள்ளையோட தலைமாட்டுல நின்னாரு.

"நீங்க வெளிய இருங்க ஐயா"ன்னு நர்ஸம்மா ஆரம்பிச்சுச்சு.

"தலை ஆடாமப் பிடிக்கணும்ல. பண்ணையில கன்னுக்குட்டிக்கு ஊசி போடறப்ப நாந்தான் பிடிப்பேன். எனக்குக் கை நடுங்காது."

நர்ஸம்மா அந்தக் கையப் பாத்துச்சு. சரின்னு தலையாட்டுச்சு.

"அப்பா..."ன்னான் ஜக்ரூப்.

"நீ தள்ளி நில்லுடா. வெளிச்சத்த மறைக்கற." புள்ளையோட கன்னத்துக்கு ரெண்டு பக்கமும் உள்ளங்கைய வச்சாரு. நர்ஸம்மாகிட்ட, "எடும்மா. எவ்வளவு வேணுமோ அவ்வளவு எடு. பாத்துப் பாத்து எடுக்காத, நேரம் ஆகுது"ன்னாரு.

நெத்திக்கு மேல, எடது பக்கம், ஒரு வெத்தலை அகலத்துக்கு வழிச்சாங்க. ஈர முடி வெள்ளைத் துணி மேல உதிந்துச்சு. லக்மீர் சிங் முடியப் பாக்கல, புள்ளை கண்ணையே பாத்துக்கிட்டு, உதடு மட்டும் அசைய வாஹேகுரு, வாஹேகுருன்னு சாமி பேரச் சொல்லிக்கிட்டு இருந்தாரு. நர்ஸம்மா ஊசிய வச்சுச்சு. முதல் தடவையே நரம்பு கிடைச்சுடுச்சு. பிளாஸ்திரி ஒட்டி, குழாயத் திருகிவிட்டதும் மருந்து சொட்டுச் சொட்டா இறங்க ஆரம்பிச்சுது. கொஞ்ச நேரத்துல புள்ள முனகறத விட்டுட்டு நல்லா வாயத் தொறந்து அழுதான். சிமோனா, "அழு, நல்லா அழு"ன்னு சொல்லிக்கிட்டே தானும் அழுதுச்சு.

ஜக்ரூப் சுவத்துப் பக்கம் திரும்பி, நெத்திய சுவத்துல முட்டிக்கிட்டு நின்னான். ஒட்ட வெட்டுன தலை. பின்கழுத்துல கத்திரி போன தடம் புதுசாத் தெரிஞ்சுது.

லக்மீர் சிங் புள்ளைய விட்டுட்டு அவன்கிட்ட போனாரு. அந்தத் தலை மேல கைய வச்சு, உச்சியிலேருந்து பின்கழுத்து வரைக்கும், முடி சாயற வாட்டத்துலயே மெதுவாத் தடவிவிட்டாரு.