லெய்வியாவின் இருபது வயதுக்கு உட்பட்டவர்கள்

வனுவாட்டுவின் இருபது வயதுக்கு உட்பட்டோர் கால்பந்து அணிக்கு லெய்வியா அக்கா மேலாளராக வந்தது கையெழுத்து அழகாக இருந்ததால்தான். போர்ட் விலா துறைமுகத்தில், தீவுகளுக்குப் போகும் கப்பலுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் கவுண்டரில் அவருக்கு வேலை. சாண்டோ தீவுக்கு டிக்கெட் எடுக்க வந்த, அணியின் அப்போதைய பயிற்சியாளர் அவர் எழுதுவதைப் பார்த்துவிட்டு, இருபது பையன்களுக்குப் படிவம் நிரப்பித் தர முடியுமா, ஒரு வார வேலைதான் என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு வாரம் பதினோரு வருடமாகியும் முடியவில்லை.

நான் அந்த அணியின் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். ஏழு வருடமாக அக்காவோடு ஒரே வேனில் போகிறேன். அவர் கோபக்காரர் இல்லை. சலித்துப்போனவர். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கோபம் வந்தால் அடங்கிவிடும்.

எங்கள் கால்பந்துச் சங்கத்தின் அலுவலகச் சுவரில், இளைஞர் அணி என்பது தேசிய அணிக்குப் போகும் பாலம் என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பையனைப் பற்றியும் அக்கா இரண்டு பக்கம் எழுதி, பெரியவர்கள் அணியின் பயிற்சியாளருக்கு அனுப்புவார். யார் எந்தக் காலில் அடிப்பான், யாருக்கு முட்டி வீங்கும், யாரைத் திட்டினால் ஆட்டம் கெடும், எல்லாம் இருக்கும். அந்த உறைகளை யாரும் பிரித்ததே இல்லை. அந்த அணியில் முப்பத்து நான்கு வயதுக்காரர் ஒருவர் இன்னும் முன்னால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் பையன்கள் பாலத்தின் நடுவிலேயே திரும்பி நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கப் போய்விடுவார்கள்.

அந்த வருடம் எங்களிடம் நல்ல அணி இருந்தது. நடுக்களத்தில் தன்னா தீவுக்காரன் இயாருவெல். பதினைந்து வயதில் பந்தைப் பார்த்து மட்டும் ஓடியவன். மூன்று வருடப் பயிற்சியில் பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கப் பழகியிருந்தான். அதற்கு மட்டும் எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. செப்டம்பரில் சுவாவில் போட்டி. ஜூன் மாதத்தில், அவனும் எங்கள் இரண்டு கோல்கீப்பர்களும், போட்டிக்கு முன்பே நியூசிலாந்துக்குக் கிளம்பும் பழத்தோட்ட வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியவந்தது.

ஆள் எடுக்கும் முகவர் காராயே. சாயங்காலம் ஆனால் அவர் இருக்கும் இடம், கவா என்ற மயக்கம் தரும் வேர்ச்சாற்றைக் குடிக்கும் நகமால் கொட்டகைதான். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நகமாலில் யாரும் குரலை உயர்த்தக் கூடாது. கவா குடித்தவர்களுக்குச் சத்தம் ஆகாது. எனவே அக்கா தன் வாழ்நாளின் பெரிய சண்டையைக் கிசுகிசுப்பாகப் போட வேண்டியதாயிற்று.

"என் டீம்லேருந்து மூணு பேர். வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?"

காராயே சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, அவரை விட மெல்லிய குரலில் சொன்னார். "கோவிச்சுக்காதீங்க அக்கா. தோட்டக்காரங்களே கேக்குறாங்க. புட்பால் பசங்க இருந்தா அனுப்புன்னு. அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கிறான், சொன்னா கேக்குறான், குடிக்கிறதில்ல. நீங்க வளத்த பசங்கன்னா கண்ண மூடிட்டு எடுத்துக்கிறாங்க."

"நான் ஆப்பிள் பறிக்கவா வளத்தேன்?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா நீங்க ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா இன்னும் நாலு பேருக்கு வேலை கிடைக்கும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என் சிரட்டையைப் பார்த்தேன்.

கடைசியில் ஒரு பேரம் படிந்தது. போட்டி முடிந்த பிறகு, அக்டோபர் முதல் வாரம் கிளம்பும் இரண்டாவது குழுவில் மூவரையும் சேர்ப்பதாகக் காராயே ஒப்புக்கொண்டார். பதிலுக்கு அக்கா நான்கு பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ஆகஸ்ட் மாதம் போட்டி நடத்துபவர்கள் தேதியை மாற்றினார்கள். மைதானம் தயாராகவில்லையாம். செப்டம்பர் போட்டி அக்டோபர் இரண்டாவது வாரத்துக்குப் போயிற்று.

விசா குத்தியாகிவிட்டது, இனி தன் கையில் இல்லை என்று காராயே சொல்லிவிட்டார். பொய்யில்லை. அக்கா அடுத்த நாளே கவுண்டருக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, இயாருவெல்லின் அம்மா நாசேயைப் பார்க்க பிளாக்சாண்ட்ஸ் குடியிருப்புக்குப் போனார். நாசே வாழையிலையில் வேகவைத்த லாப்லாப் கிழங்குக் களியை எடுத்து வைத்தார். அக்கா சாப்பிடாமல் பேசினார். இந்த ஒரு போட்டியில் வெளிநாட்டு ஆட்கள் வந்து பார்ப்பார்கள், அடுத்த போட்டிக்குள் அவனுக்கு வயது தாண்டிவிடும், ஒரு மாதம் பொறுத்தால் போதும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். நாசே முழுக்கக் கேட்டுவிட்டு மேலே கை காட்டினார். புயல் வந்து இரண்டு வருடமாகியும் கூரைக்குப் பதில் நீலத் தார்ப்பாய்தான் கட்டியிருந்தது.

"உங்க டீம் என் பிள்ளைய மனுஷனாக்குச்சு அக்கா. இல்லேன்னு சொல்லல. ஆனா உங்க டீம் கூரை போட்டுத் தராதே."

அக்கா லாப்லாப்பைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார். மைதானத்துக்கு வந்தவர் பம்ப்பை எடுத்துப் பந்துகளுக்குக் காற்றடிக்கத் தொடங்கினார். அன்றைய பந்துகள் கல் மாதிரி இருந்தன. தலையால் முட்டிய பையன்கள் நெற்றியைத் தடவிக்கொண்டார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் இயாருவெல் வந்து அவர் முன்னால் நின்றான்.

"போயிட்டு வந்துடுறேன் அத்தை."

"போ. அங்க குளிரும். ரெண்டு சாக்ஸ் போட்டுக்க." பிறகு என் பக்கம் திரும்பி, "மூணு வருஷம்டா விரா" என்றார்.

சுவாவில் எங்களுக்கு மூன்றாவது கோல்கீப்பர்தான் மிச்சம். முதல் ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். அதில் ஒன்று அவன் கால்களுக்கு நடுவே போயிற்று. நான் கற்றுக்கொடுத்த கால்கள்தான். இரண்டாவது ஆட்டம் சமன். மூன்றாவதில் ஜெயித்தோம், அதற்குள் வெளியேறியும்விட்டோம்.

ஊர் திரும்பியதும் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். முடிவுகளைப் பற்றிக் கவலையில்லை, ஆனால் வீரர்களின் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியவில்லையே என்று தலைவர் வருத்தப்பட்டார். அக்கா எழுந்து நின்றார். பதினோரு வருடமாகத் தன் கை வழியாகப் போன பையன்களின் பெயர்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். தாள் எதுவும் கையில் இல்லை. இவன் போலீஸ், இவன் ஆஸ்பத்திரியில் உதவியாள், இவன் நடுவர், இவன் ஆப்பிள், இவனும் ஆப்பிள், இவன் கிவி. பத்து நிமிடம் ஆனதும் தலைவர் கையை உயர்த்தினார்.

"முடிக்கல. நீங்க வளர்ச்சிதானே கேட்டீங்க? எல்லாரும் வளந்துட்டாங்க. நீங்கதான் பாக்கல."

பிறகு இரண்டு விஷயம் கேட்டார். தோட்டக்காரர்கள் ஆள் எடுக்கும் மாதங்களை முதலில் கேட்டுக்கொண்டு பயிற்சி முகாமின் தேதியை வைக்க வேண்டும். அவர் அனுப்பும் உறைகளைப் பெரியவர்கள் அணியின் பயிற்சியாளர் பிரித்துப் படிக்க வேண்டும். நல்ல யோசனை, எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தார். ஜனவரியில் கேட்டபோது அது எங்கேயோ போய்விட்டதாம். இன்னொரு தடவை எழுதினார். அதே அழகான கையெழுத்துதான், அழுத்தம் மட்டும் கூடியிருந்தது.

மே மாதம் இயாருவெல் திரும்பி வந்தான். தோள் அகன்றிருந்தது. தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் டோங்கா ஆட்களோடும் சமோவா ஆட்களோடும் ஆடினானாம். நாசேயின் வீட்டுக்குத் தகரக் கூரை ஏறியது. தேசிய அணித் தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியலில் அவன் பெயர் இல்லை. அக்கா கடிதம் எழுதவில்லை. தேர்வு நாளன்று அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், பெரியவர்கள் அணியின் பயிற்சியாளருக்குப் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"இவனை அரை மணி நேரம் விடுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

பயிற்சியாளர் அவரைப் பார்த்தார். பெண்மணி எழுந்து போகிற மாதிரித் தெரியவில்லை. விட்டார். இருபதாவது நிமிடத்தில் அந்த முப்பத்து நான்கு வயதுக்காரரே ஓடிவந்து, பந்து இந்தத் தன்னாப் பையன் வழியாகவே வரட்டும் என்று கேட்டாராம்.

ஜூலையில் அவன் தேசிய அணிக்காக இரண்டு ஆட்டம் ஆடினான். அக்டோபரில் மறுபடி ஆப்பிள் பறிக்க விமானம் ஏறினான். தேசிய அணியும் கூரை போடுவதில்லை.

ஜூலையில் அவனுடைய முதல் ஆட்டத்தை வானொலியில் கேட்டபோது அக்காவுக்குத் தொலைபேசி செய்தேன். அவர் பிறப்புப் பதிவு அலுவலகத்தின் வரிசையில் நின்றிருந்தார். அடுத்த அணிக்காக மலேகுலாவிலிருந்து ஒருவனைப் பிடித்திருந்தோம். தேவாலயத்தில் ஒரு பிறந்த தேதி, பள்ளியில் ஒன்று, தடுப்பூசி அட்டையில் இன்னொன்று. எழுத்தர் மூன்றும் செல்லாது என்று சொல்லியிருக்கிறார். இயாருவெல் களத்தில் இறங்கிவிட்டான் என்றேன்.

"சாக்ஸை ஏத்தி விட்டிருக்கானா?" என்று கேட்டார். வானொலியில் அது எப்படித் தெரியும் என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் எழுத்தர் ஜன்னலை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார் போல. "ஐயா, மூடாதீங்க. பையன் பிறந்தது நிஜம்தானே, அதையாவது முதல்ல ஒத்துக்குங்க" என்று அவரிடம் பேசிக்கொண்டே அக்கா இணைப்பைத் துண்டித்தார்.