ஓடைக்கரையில் இறக்கிய கல்

ஓட்டுப் போடும் நாளன்று எங்கள் ஊரிலிருந்து அரியலூருக்குப் போனவர்கள் என் அப்பா, பெரியப்பா, மளிகைக் கடைக்காரர், புருஷன் செத்த பிறகு தன் பேரில் பட்டா வாங்கியிருந்த என் அத்தை, நான். ஊர் முன்சீப் எங்களுக்கு முந்தியே போய்ச் சாவடிக்குள் உட்கார்ந்திருந்தார். வருகிறவர் இன்னார்தான் என்று அடையாளம் சொல்வது அவர் வேலை. வராதவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அவருக்கும் ஓட்டு இருந்தது. அன்று காலை அவர் கொல்லையில் மிளகாய்ப்பழம் பறித்துக்கொண்டிருந்தார். நாங்கள் வரப்பில் நடந்து போவதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

ஊரில் அத்தனை ஜனம் இருந்தும் ஓட்டு உள்ளவர்கள் இவ்வளவு பேர்தான். அப்போது நிலவரி கட்டுகிறவனுக்கும் படித்தவனுக்கும்தான் ஓட்டு. மற்றவர்களுக்கு அது நிலத்தால் வந்தது. எனக்குப் படிப்பால் வந்தது. எங்கள் வகையறாவில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். ஓட்டுக்காரர்கள் ஜாபிதாவில் என் பெயர் வந்திருக்கிறது என்று முன்சீப் சொன்ன அன்று அம்மா என்னை நிற்க வைத்து ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னாள்.

மாட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்களிடம் ஒரு மாடு, மயிலை. மாமாவிடம் ஒரு மாடு, செவலை. இரண்டையும் சேர்த்துப் பூட்டினால்தான் ஒரு ஏர், ஒரு வண்டி. இரண்டு வீட்டு உழவும் அந்த ஒரு ஜோடியில் நடந்தது. என் பள்ளிக்கூடச் சம்பளமும் அந்த வண்டி வாடகையில்தான் கட்டப்பட்டது. ஊருக்கும் அரியலூர் ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை உண்டு. மருதையாற்றில் போய் விழுகிற ஓடை. கோடையில் அச்சு வரை இறங்கும் மணல், மழைக்காலத்தில் மாட்டின் வயிறு வரை செம்மண் தண்ணீர். பாரம் ஏற்றிய வண்டி அதில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் அப்பாவும் மாமாவும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அக்கரை ஏறிய பிறகுதான் விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள். அங்கே ஒரு பாலம் வேண்டும். எங்களுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் எலெக்ஷன் வந்தது. இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் அரியலூர் வக்கீல். இன்னொருவர் பெரம்பலூர்ப் பக்கம் அரிசி மில் வைத்திருந்தவர். தை மாதத்தில் முதலில் வக்கீலின் கார் வந்தது, ஓடை மணலில் புதைந்தது. பெரியப்பா ஆள் அனுப்பினார். நாங்கள் ஜோடியைப் பூட்டிக்கொண்டு போய்க் கயிறு கட்டி இழுத்தோம். வக்கீல் கரையில் நின்று செருப்பைக் கழற்றி மணலைத் தட்டிக்கொண்டே, அடுத்த தடவை தாம் ஓட்டுக் கேட்டு வரும்போது கார் பாலத்தின் மேல்தான் வரும் என்றார்.

மாமா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "அதுவரைக்கும் இந்தக் கயிறு தாங்கும்ங்க" என்றார்.

வக்கீலுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். சிரித்தார்.

பத்துநாள் கழித்து மில்காரரின் கார் அதே இடத்தில் புதைந்தது. அதே ஜோடி இழுத்தது. இவர் பாலம் என்ற வார்த்தையையே சொல்லவில்லை. இறங்கி நின்று ஓடையின் அகலத்தைப் பார்த்தார், போய்விட்டார். அந்த வாரமே நாலு வண்டிக் கருங்கல் வந்து ஓடைக்கரையில் இறங்கியது. வண்டிக்காரர்கள், ஐயா பேசுகிற ஆள் இல்லை, செய்கிற ஆள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஊரே போய்ப் பார்த்தது. யாரும் நம்பவில்லை. மில்லுக்குச் சுவர் வைத்து மிஞ்சின கல் என்றார் கடைக்காரர். இதற்கு முந்தின எலெக்ஷனில் கிணறு வெட்டித் தருகிறேன் என்று ஒருவர் கடப்பாரையால் ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போனாராம். அந்தக் குழியில் தன் கன்றுக்குட்டி விழுந்த கதையைப் பெரியப்பா மறுபடி சொன்னார். நான் மட்டும் நம்பினேன். பேச்சு என்றால் காற்றோடு போகும், இது கல்லாயிற்றே என்று தோன்றியது. அன்று சாயங்காலம் மாமாவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

"கல்லு வந்திருக்கு மாப்ளே. கொத்தன் வரலே, சுண்ணாம்பு வரலே. கல்லு மட்டும் வந்து கெடந்தா அதுக்குப் பேரு பாலமா, எடைஞ்சலா?"

அவருக்கு ஓட்டின் மேல் நம்பிக்கை வரவேண்டும் என்று டவுன் வாசகசாலையில் படித்த சேதி ஒன்றைச் சொன்னேன். சீமையில் யுத்தத்தை நடத்தி ஜெயித்துக் கொடுத்த பெரிய மந்திரியையே ஜனங்கள் ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஓட்டுக்கு அவ்வளவு வலு உண்டு என்றேன். மாமா பீடியை அணைத்துவிட்டு யோசித்தார்.

"சண்டையில ஜெயிச்சவனையேவா?"

"ஆமா மாமா."

"அப்ப அந்த ஊர்லயும் எவனும் எவனையும் நம்புறதில்லேன்னு சொல்லு."



ஓட்டு நாளன்று ஓடையைத் தாண்டி ரோட்டில் ஏறியதும் வக்கீலின் ஆட்கள் வாடகைக்குப் பிடித்த, கரியில் ஓடும் பஸ் நின்றது. ஏறிக்கொண்டோம். அரியலூரில் வக்கீலின் பந்தலில் பொங்கலும் காப்பியும் கொடுத்தார்கள். ரேஷன் காலம். வீட்டில் வரகும் கம்பும்தான். நெய் மிதக்கும் அரிசிப் பொங்கலை அப்பா இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டார். நான் சாப்பிடவில்லை. யார் வீட்டிலும் கை நனைக்காமல் ஓட்டுப் போடுவது என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தேன். தெருக் குழாயில் தண்ணீர் குடித்தேன்.

சாவடி ஒரு பள்ளிக்கூடத்தில். வாசலில் கூட்டம் இல்லை. உள்ளே போகலாம் என்று நான் சொல்லச் சொல்ல, வெயில் தாழட்டும் என்று பெரியப்பா பஜாருக்கு நடந்தார். அங்கே மில்காரரின் ஆள் அவரைப் பார்த்துவிட்டான். எங்கள் கல் உங்கள் ஓடையில் இருக்கிறது, எங்கள் இலையில் உட்காரமாட்டீர்களா என்று கையைப் பிடித்து இழுத்தான். மத்தியானச் சாப்பாடு அந்தப் பந்தலில் ஆயிற்று. வடை, பாயசம் எல்லாம் உண்டு. அத்தை முந்தானையில் இரண்டு வடை முடிந்துகொண்டாள்.

சாப்பிட்டு வந்து பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் படுத்தார்கள். கடைக்காரர் சரக்குப் போட மொத்தக் கடைக்குப் போனவர் திரும்பவே இல்லை. நான் அப்பாவை எழுப்பினேன். அவர் எழுந்து உட்கார்ந்து சாவடி வாசலையே பார்த்தார்.

"காலையில அவரு பொங்கலு. மத்தியானம் இவரு சோறு. ரெண்டு பேரு உப்பும் உள்ள போயிடுச்சு. இப்பப் போயி ஒருத்தருக்குப் போட்டா இன்னொருத்தருக்குத் துரோகம்டா தம்பி."

சோற்றுக்கும் ஓட்டுக்கும் சம்பந்தம் இல்லை, பாலத்தையும் மாட்டையும் நினைத்துப் பாருங்கள் என்றேன். பாலம் கட்டுகிறவன் நம் ஓட்டுக்காகவா கட்டப் போகிறான் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இன்று மழை வராது என்பதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அத்தை கேட்டாள், "ரெண்டு பேருக்கும் பாதிப் பாதியாப் போட முடியாதா தம்பி?"

"முடியாது அத்தை."

"அப்ப போடாம இருக்கறதுதான் நாயம்."

பெரியப்பா அதுதான் சரி என்று தலையாட்டினார். அவர்கள் மூன்று பேரும் அன்று நேர்மையாக நடந்துகொண்டோம் என்றே நினைத்தார்கள். இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அப்பா என்னைப் பார்த்தார். "நீதான் சாப்புடலியே. நீ போயி போட்டுட்டு வா."

உள்ளே முன்சீப் விசிறிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரிலிருந்து அவர் அடையாளம் சொன்ன முதல் ஆள் நான். கடைசி ஆளும் நான்தான். மற்றவர்கள் எங்கே என்று கேட்டார்.

"சாப்புட்டாங்க."

"ரெண்டு எடத்துலயுமா?"

"ஆமாங்க."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு விசிறத் தொடங்கினார்.

மறைப்புக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பெட்டியும் ஒரு பச்சைப் பெட்டியும் இருந்தன. பச்சை மில்காரருடையது. சீட்டை அதில் போட்டேன். ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்திருந்தேன். பசிதான் தோன்றியது. திரும்பும்போது பஸ் இல்லை. நடந்தே வந்தோம். அத்தை முடிச்சை அவிழ்த்து வடையை நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

வக்கீல் ஜெயித்தார்.

சித்திரையில் நான் அவர் வீட்டுக்குப் போனேன். வராந்தாவில் நிறையப் பேர் காத்திருந்தார்கள். என் முறை வந்ததும், ஓடையில் பாலம் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கல்லையாவது அப்புறப்படுத்த வேண்டும், மழை வந்தால் புரண்டு வண்டித்தடத்தில் விழும் என்று சொன்னேன். பாலத்துக்கு எழுதியிருக்கிறேன் என்றார். கல் எதிராளியுடையது, தாம் தொட்டால் வழக்கு வரும் என்றார். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆனியில் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன். மில்காரர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"உங்க ஊர்ல எனக்கு எத்தனை விழுந்துச்சு?"

"ஒண்ணுங்க."

"அது யாரு?"

"நான்தாங்க."

 உள்ளே குரல் கொடுத்து மோர் கொண்டுவரச் சொன்னார்.

"ஒரு ஓட்டுக்கு நாலு வண்டிக் கல்லு. அதிகம்தான் தம்பி. கல்லை நீங்களே வச்சுக்கங்க."

மோரைக் குடித்தேன். உப்புப் போட்டிருந்தது.

ஊருக்கு வந்து, கல் இனி நம்முடையது, மழைக்கு முன் எடுத்துவிடலாம் என்று வீடு வீடாகச் சொன்னேன். நாம் எடுத்தால் நாமே பாலத்தைக் கெடுத்தோம் என்று நாளைக்குச் சொல்வார்கள் என்றார் பெரியப்பா. யாரோ போட்ட கல்லுக்கு நாம் ஏன் முதுகு ஒடிய வேண்டும் என்றார் கடைக்காரர். அப்பாவும் மாமாவும் வருகிறோம் என்றுதான் சொன்னார்கள். ஆடியில் கடலை விதைப்பு வந்தது, பிறகு களை வந்தது. நான் தனியாகப் போய் ஒரு நாள் முழுக்க உருட்டினேன். சின்னக் கற்கள் சில நகர்ந்தன.

புரட்டாசி மழையில் ஓடை இரண்டு தடவை கரை புரண்டது. தண்ணீர் வடிந்தபோது கரையில் கல் இல்லை. எல்லாம் தடத்துக்குள் போயிருந்தது, மேலே மணல் மூடியிருந்தது.

ஐப்பசியில் கடலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அரியலூர் மண்டிக்குக் கிளம்பினோம். அடுத்த மழையில் மூட்டை நனைந்தால் முளைத்துவிடும், காத்திருக்க முடியாது. வேறு தடமும் இல்லை. மாமா முன்னால் ஓட்டினார். அப்பாவும் நானும் பின்னால் சக்கரத்தைத் தள்ளினோம். முழங்கால் அளவுதான் தண்ணீர். ஓடைக்குள் இறங்கியதும் வழக்கம்போல அப்பாவும் மாமாவும் பேச்சை நிறுத்தினார்கள். பாதி தாண்டியிருப்போம். செவலை முன்னங்காலை வைத்தது, எடுக்கவில்லை. பின்னாலிருந்து நாங்கள் தள்ளிக்கொண்டிருந்தோம். விறகை முழங்காலில் வைத்து ஒடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. நுகத்தடி அந்தப் பக்கம் சாய்ந்தது. மயிலை கழுத்து இறுகி நின்றுகொண்டிருந்தது.

பூட்டாங்கயிற்றை அப்பா அறுத்தார். செவலை கத்தவில்லை. மாமா தண்ணீரிலேயே உட்கார்ந்து அதன் தலையைத் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டார், மூக்குக்குள் தண்ணீர் போகாமல் இருக்க. நான் இரண்டு கல்லுக்கு நடுவே கையை விட்டுக் குளம்பை எடுத்தேன். கணுவுக்கு மேலே கால் துணிபோல மடங்கியது. எனக்கு அழுகை வரவில்லை. யாருக்கும் வரவில்லை. அப்பா மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி அக்கரையில் வைத்துக்கொண்டே இருந்தார். முடிகிற வரை வேறெங்கும் பார்க்கவில்லை.

கடைசி மூட்டையும் கரையேறிய பிறகு மாமா கேட்டார்.

"நீ எந்தப் பெட்டியில போட்டே மாப்ளே?"

"பச்சை."

"பச்சையா" என்றார். கேலி செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மறுவருஷம் ஆடி முடியும்போது வெள்ளைக்காரன் போனான். முன்சீப் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். இனி வரி கட்டாதவனுக்கும் ஓட்டு வரும் என்று படித்துச் சொன்னேன். மாமா மிட்டாயை வாங்கிப் புது மாட்டின் வாயில் கொடுத்தார். அதுவும் செவலைதான், கொம்பு மட்டும் கொஞ்சம் கோணல். கல்லை எல்லாம் நாங்கள் கூலிக்கு ஆள் வைத்து எடுத்து மாமாவின் கொட்டகையில் தளமாகப் பாவிவிட்டோம். மாடு அதன் மேல்தான் நிற்கிறது. ஓடையில் இன்னும் பாலம் இல்லை.

கால் ஒடிந்த மாட்டை டவுன் தரகர் இருபத்திரண்டு ரூபாய்க்குக் கொண்டுபோனார். புது மாடு நூற்று அறுபது. கல் எடுத்த கூலி நாலு. இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கைவிட்டுப் போனது நூற்று நாற்பத்திரண்டு ரூபாய்.