மேட் ஓரத்தில் ஓர் இடம்

மகள் மல்யுத்தத்தில் இறங்கி இரண்டு வருடம் ஆகியும் அவள் மோதி நான் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. எல்லாம் போனில் வரும் வீடியோதான். அதிலும் பாதி நேரம் எவனோ ஒருவனின் முதுகு. எனக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு காலும் வராது. போகிற அரங்கமெல்லாம் படிக்கட்டு. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் போட்டி, அங்கே சாய்தளம் இருக்கிறது என்று அவளுடைய பி.டி. சார் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. “மோதுற மேட் ஓரமா இருந்துக்கப்பா. தல நிமுந்தா ஒன்னத்தான் பாக்கணும்,” என்று மகள் சொல்லிவிட்டு டீமோடு முன்னாடியே போய்விட்டாள்.

பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில், மடக்குச் சக்கர நாற்காலியைப் பின்னால் கட்டிக்கொண்டு விடிந்ததும் செந்துறையை விட்டுக் கிளம்பினேன். அரியலூர் தாண்டுவதற்குள் சிமெண்ட் லாரிகள் என் உயிரை வாங்கிவிட்டன. சாய்தளம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அதன் இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்கே வரவேற்பு பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் அத்தனை பேரும் கைகூப்பிச் சிரித்தார்கள், ஏறத்தான் வழியில்லை. விடாமல் ஹாரன் அடித்தேன். விழாக் கமிட்டி ஆட்கள் நாலு பேர் ஓடிவந்து, நாற்காலியோடு என்னைப் பிள்ளையார் சிலை மாதிரி தூக்கிப் படியேறினார்கள்.

இறக்கியது மேட் ஓரத்தில் இல்லை, மேடையில். கீழே கூட்டத்தில் மிதிபடுவேனாம், மேடைதான் எனக்கு மரியாதையாம். என் முன்னால் சிறப்பு விருந்தினர்களின் சோபா வரிசை. என்னைக் கீழே விடுங்கள் என்று மூன்று தடவை கேட்டேன். டீ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மோதுவதற்கு மகளின் எண்ணைக் கூப்பிட்ட அதே நேரத்தில் மேடையில் மைக் பிடித்திருந்தவர் என்னைப் பார்த்துத் தொலைத்தார். மகளைக் காண வந்த மாற்றுத்திறனாளித் தந்தை என்று உருகி, சோபாவிலிருந்து ஒருவரை எழுப்பிப் பொன்னாடை போர்த்தச் சொன்னார். போட்டோ சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை போர்த்தினார்கள். அந்த ஆளின் இடுப்பைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நடுவர் மகளின் கையைத் தூக்கியிருந்தார். அவளோ மேட் ஓரத்தில் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மேடைக்குக் கீழே வந்து நின்றாள். என் தோளில் கிடந்த பொன்னாடையைப் பார்த்தாள். “நல்லாருக்கு,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்தது இறுதிப் போட்டி. நான் போட்ட சத்தத்தில் கீழே இறக்கிவிட்டார்கள். ஆனால் ஆடுதளத்தின் மரத்தரை வரைக்கும்தான். சக்கரம் பட்டால் தரை கெட்டுவிடும், நாற்காலி உள்ளே வரக்கூடாது என்றார் பொறுப்பாளர். மேட் இன்னும் இருபதடி தள்ளி இருந்தது. இடையில் பயிற்சியாளர்களும் பிள்ளைகளும் அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் நாலு பேர் முன்னால் தவழ்ந்ததே இல்லை. வீட்டுக்குள்ளே மட்டும்தான். அப்படி ஒரு வீம்பு. பொன்னாடையை நாற்காலியில் வீசிவிட்டுத் தரையில் இறங்கினேன். கையை ஊன்றி, இடுப்பை இழுத்து, நின்றவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து போனேன். தூக்க வந்தவரிடம் தொடாதீங்க என்றேன். அரங்கமே என்னைத் திரும்பிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. கூச்சத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

மேட் ஓரம் போய் நிமிர்ந்தேன். மகள் பார்த்துவிட்டாள். ஒரு கணம் அவள் முகம் கோணியது. பிறகு திரும்பி எதிராளியைப் பிடித்தாள்.

தோற்றுவிட்டாள். வியர்வையோடு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் கீழே விழுந்த இரண்டு தடவையும் இடது காலை முன்னால் விட்டுக் கொடுத்தாய் என்று திட்டினேன். தெரியும் என்றாள். என் கையை இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை தேய்ந்து சிவந்திருந்தது.

“அடுத்த தடவ வர்றப்ப க்ளவுஸ் எடுத்துட்டு வாப்பா,” என்றாள்.