பத்தொன்பது வயசுப் பையனின் முரசு

அந்த இசைப் பதிப்பகத்தில் அவளை எல்லோரும் ‘ரப்பர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிழை எங்கே இருந்தாலும் அழித்துவிடுவாள். முன்பு ஒரு வாத்தியக் குழுவில் வயோலா வாசித்தவள். ஒத்திகையில் ஒருநாள் நடத்துனர் தாளத்தைக் கோட்டைவிட, “ஐயா, நீங்க குச்சியைக் கீழ வச்சீங்கன்னா நாங்க ஒழுங்கா வாசிச்சிடுவோம்” என்று சொல்லித் தொலைத்தாள். வாயால் வேலை போயிற்று.

பஸ் ஓட்டும் கணவன் தலையில் அடித்துக்கொண்டான். “நடத்துனர் சொல்லாம நான் வண்டியை எடுக்கிறேனா? உனக்கு ஏன் இந்த அவசரம்?”

அதே வாயோடுதான் பதிப்பகத்துக்கு வந்தாள். அங்கே, எல்லோரும் ‘பெரியவர்’ என்று அழைக்கும் மூத்த இசையமைப்பாளரின் முதல் சிம்பொனி அவள் மேசைக்கு வந்தது. பத்தொன்பது வயதில் அவர் எழுதியது. முதல் பதிப்பை யாரோ அரைத்தூக்கத்தில் அச்சுக்கோத்திருந்தார்கள். எக்காளம் ஊத வேண்டியதைப் புல்லாங்குழல் ஊதிக்கொண்டிருந்தது. அந்தப் பத்தொன்பது வயசுப் பையன் கைப்பட எழுதியதோடு ஒப்பிட்டு அச்சுப் பிழைகளை நீக்கி மறுபதிப்பு கொண்டுவருவதுதான் அவள் வேலை. பெரியவருக்கோ பையனையே திருத்த ஆசை. அவளை வீட்டுக்கு வரவழைத்தார்.

“ரெண்டாம் பகுதியில முரசு தனியா ஒரு பக்கம் முழங்குதே, அதைத் தூக்கிடும்மா. சின்னப்புள்ளத்தனமா இருக்கு.”

“அச்சுல வந்த தப்பைத்தான் சார் நான் திருத்துவேன். இது அந்தப் பையன் வேணும்னே எழுதினது.”

“அந்தப் பையனே நான்தாம்மா!”

“இருக்கலாம் சார். ஆனா அவனுக்குப் பரிஞ்சு பேச இங்க ஆள் இல்லையே.”

பெரியவருக்குக் காது சிவந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் காபியோடு உள்ளே வந்தார் அவர் மனைவி. கல்லூரி வாத்தியக் குழுவில் அந்த முரசை அடித்தவரே அவர்தான். ரப்பருக்கு அது அதுவரை தெரியாது.

“எந்தப் பக்கத்தைத் தூக்கணும்?” என்றார் அந்த அம்மா. பெரியவர் ஜன்னலைப் பார்த்தார்.

“அதை எனக்காக எழுதினேன்னு சொல்லித்தானே என்னைக் கட்டிக்கிட்டீங்க? இப்ப அது தப்புன்னா, மத்ததெல்லாம்?” பிறகு ரப்பரிடம் திரும்பினார். “கல்யாணத்துக்கப்புறம் எழுதின எதுலயாவது முரசுக்கு வேலை இருக்கா, நீயே பாரும்மா!”

ரப்பர் யோசித்துப் பார்த்தாள். இல்லை. சிரிப்பை அடக்கக் காபியை மடமடவென்று குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள். முரசைப் பற்றி அதன்பின் அந்த வீட்டில் யாரும் மூச்சுவிடவில்லை.

மறுபதிப்பு முரசோடு வந்தது. நாலைந்து ஊர்களில் வாசித்தார்கள். முரசுப் பக்கத்துக்குக் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் பெரியவரின் பேட்டி.

“பதிப்பகத்துல ஒரு அம்மா அந்த முரசை எடுத்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. நான்தான் விடலை.”

கணவன் நிமிர்ந்தான். “யாருடி அந்த விவஸ்தை கெட்ட அம்மா?”

“நான்தான்” என்றாள் ரப்பர். வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு பிழையைத் திருத்தாமல் விட்டுவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள்.