மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய பை

அந்தப் பையின் கொக்கியில் இருந்த மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டியது நான்தான். கும்மிடிப்பூண்டியில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்ப்பது என் வேலை. நல்லதற்குப் பச்சை, கழிவுக்குச் சிவப்பு, சந்தேகத்துக்கு மஞ்சள். மஞ்சள் ஒட்டிய சாமான் மறுபடி பார்க்கும்வரை இடத்தைவிட்டு நகரக்கூடாது. குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் பை ஒன்றை அண்ணி ஆன்லைனில் வாங்கினார். அது ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே மஞ்சள் ஒட்டிவிட்டேன். "உங்க தங்கச்சிக்கு வேற வேலயே இல்லியா?" என்று அண்ணனிடம் எரிந்து விழுந்தார் அண்ணி.

சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் இது சம்பளத்துக்கு வந்த சந்தேகம் அல்ல. அட்டைப்பெட்டிப் படத்தில் ஒரு குழந்தை வெளிப்பக்கம் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் குழந்தைக்கோ இன்னும் கழுத்தே நிற்கவில்லை. அண்ணிக்கு அந்தப் படத்தின் மேல் கொள்ளை ஆசை. தடுப்பூசி போடப் போனபோது நர்சம்மாவிடம் நானே கேட்டுவிட்டேன். இப்போதைக்கு முகம் அம்மா பக்கம்தான். கழுத்து உறுதியான பிறகே வெளிப்பக்கம், அதுவும் விழித்திருக்கும்போது கொஞ்ச நேரம். முழங்கால் பிட்டத்தைவிட உயர்ந்து தவளைபோல் மடங்கியிருக்க வேண்டும். குனிந்தால் உச்சந்தலையில் முத்தம் கொடுக்க எட்ட வேண்டும். மூக்கும் வாயும் எப்போதும் கண்ணில் பட வேண்டும். "மோவாக்கட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல ரெண்டு விரல் போவணும்மா. ஒட்டிக்கினா மூச்சு அடைச்சிடும். சத்தமே வராது" என்றார். அந்தக் கடைசி வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. சத்தமில்லாமல் கெட்டுப்போகிற எதையும் நான் நம்புவதில்லை.

அன்றிலிருந்து அண்ணி பையைக் கட்டும்போதெல்லாம் என் இரண்டு விரல்களும் நீண்டன. கொக்கியை இழுத்துப் பார்ப்பேன். பையோடு அடுப்படிக்குப் போனால் பின்னாலேயே போவேன். அண்ணன் பைக்கில் ஏறச் சொன்னால் வழிமறிப்பேன். கடைசியில் அண்ணிக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது, குழந்தையை என் பக்கம் இழுக்கப் பார்க்கிறேனோ என்று. "கண்ணாலம் ஆவாதவளுக்கு இன்னா தெரியும்? எம் புள்ளய கம்பெனி சாமான் மாதிரி செக் பண்ணிக்கினு கீறா" என்று பக்கத்து வீட்டில் அவர் சொன்னது என் காதுக்கும் வந்தது. வலித்தது. விரலை மட்டும் நிறுத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியில் இருந்த அண்ணியின் அம்மா வீட்டுக்குப் போக நாங்கள் இருவரும் பொன்னேரிக்கு ரயிலேறினோம். நல்ல கூட்டம். அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து, பையின் பட்டையைத் தளர்த்திக் குழந்தையைக் கீழே இறக்கி, துப்பட்டாவால் மூடிப் பால் கொடுத்தார். குழந்தை குடித்தபடியே தூங்கிவிட்டது. பட்டை தளர்ந்தபடியே இருந்தது. எதிரே நின்ற நான் துப்பட்டாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணி, துணிய எடுங்க."

"இப்பதான் தூங்குது. பேஜாரு பண்ணாத."

நானே இழுத்துவிட்டேன். குழந்தை அண்ணியின் வயிற்றருகே துணிமூட்டையாகச் சுருண்டு கிடந்தது. மோவாய் நெஞ்சில் ஒட்டியிருந்தது. இரண்டு விரல் அல்ல, ஒரு விரல்கூட நுழையவில்லை. உதடு வெளுத்திருந்தது. நான் குழந்தையின் தலையை நிமிர்த்த, அண்ணி பதறி வெளியே தூக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. ரயில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி குழந்தையின் அலறல். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பொன்னேரியில் இறங்கும்போது அண்ணி குழந்தையைக் கையில் அணைத்துக்கொண்டு பையை என்னிடம் தள்ளினார். அது கோபமா, பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். போன வாரம் என் மகளுக்காக அதே பையைத் துவைத்து எடுத்துவந்தார் அண்ணி. துணி வெளுத்திருந்தது. மஞ்சள் ஸ்டிக்கர் மட்டும் அப்படியே இருந்தது. உரிந்துவிடாமல் அதன்மேல் செலோடேப் ஒட்டியிருந்தார். மகளை என் பக்கம் முகம் பார்க்க வைத்துக் கட்டிக்கொண்டேன். கொக்கியை இழுத்துப் பார்த்தேன், விரல் விட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. இனி இது எதற்கு என்று ஸ்டிக்கரை நகத்தால் நெம்பினேன். அண்ணி பட்டென்று என் கையில் அடித்தார்.

"அத்த தொடாத. தள்ளு, நீ பாத்தத நான் நம்ப மாட்டேன்" என்று சொல்லி, தன் இரண்டு விரல்களை என் மகளின் மோவாய்க்குக் கீழே நுழைத்தார்.