எத்தனை என்று சொல்லச் சொன்னவர்

காசிமேட்டுக் கரையில் ஏலம் பாதியில் இருந்தபோது செய்தி வந்தது. ஏகாம்பரத்தின் மைத்துனர் செருப்பைக் கையில் பிடித்தபடி மணலில் நடந்து வந்து ஏலம் கூறுகிறவர் காதில் ஏதோ சொன்னார். அவர் குரல் இறங்கிவிட்டது. "நம்ம பேப்பர் ஏகாம்பரம் பூட்டாராம்" என்றார். சிலர் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் ஓடவில்லை. மீனை எடுத்துப் புளியந்தோப்பில் விற்று முடித்த பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் நீங்கள் எல்லோரும் அறிந்தது. செத்துவிட்டார் என்பதற்காக அது இல்லை என்று சொல்ல மாட்டேன்.

யுத்த காலத்தில் அவர் எங்கள் தெருவுக்கு வார்டன். தகரத் தொப்பியும் கழுத்தில் விசிலுமாக வீடு வீடாக வந்து, விளக்கைக் கறுப்புத் துணியால் மூடச் சொல்வார். ஜப்பான்காரன் கப்பல் வருகிறது என்று ஒருவன் சொல்வான், வரவில்லை என்று இன்னொருவன் சொல்வான். அந்த வெயில் காலத்தில் ஒரு மாலை, ஏகாம்பரத்தின் மனைவி சரோஜா படுக்கையும் பெட்டியுமாக ரயிலடிக்குப் போகும் ஜட்காவில் ஏறுவதைப் பார்த்தேன். எங்கே என்று கேட்டதற்கு, "அரக்கோணத்துக்குக்கா, ஆத்தா வூட்டுக்கு" என்றாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நேராக அவரிடம் போனேன்.

"இன்னா ஏகாம்பரம், எதுனா வருதா? மறைக்காத சொல்லு. அஞ்சலைக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு கீது."

"ஒண்ணும் இல்லக்கா. பொயுது விடிஞ்சா ஆம்பளைங்கள வல போடச் சொல்லு, போ."

அஞ்சலை என் தங்கை. மறுநாள் ஊரை விட்டுப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு வண்டிகூடக் கிடைக்கவில்லை. நிறைமாதக்காரியை நடத்தித்தான் கூட்டிப் போனோம். திருவொற்றியூர் தாண்டி, எண்ணூர் உப்பளத்துப் பக்கம் வழியிலேயே பிரசவம் ஆயிற்று. குழந்தை அழவே இல்லை. அஞ்சலை பிழைத்தாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை கிடையாது. முதல் நாளே அவர் வாயைத் திறந்திருந்தால் எங்களுக்கும் ஒரு ஜட்கா கிடைத்திருக்கும். என் வழக்கு அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை. யுத்தம் முடிந்தது. வார்டன் வேலை போயிற்று. நம் படிப்பகத்தில் மாலைதோறும், எழுத்துக் கூட்ட முடியாதவர்களுக்குப் பேப்பரைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். நான் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. என் மகன் குப்பன் போவான், வந்து சொல்வான்.

அப்புறம் சில வருஷம் கழித்து அந்தச் சாம்பல் செய்தி வந்தது. எங்கோ நடுக்கடலில் அமெரிக்காக்காரன் அணுகுண்டிலேயே பெரியதாக ஒன்றை வெடித்துப் பார்த்தான். வரக்கூடாது என்று அவன் சொன்ன எல்லைக்கு வெளியேதான் ஜப்பான் மீன்காரர்கள் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். குண்டு எதிர்பார்த்ததைவிடப் பெரியதாகப் போய், அவர்கள் மேலும் பிடித்த மீன் மேலும் வெள்ளைச் சாம்பல் கொட்டியதாம். குப்பன் அரைகுறையாகச் சொன்னான். தினமும் கடலுக்குப் போகிற பிள்ளையைப் பெற்றவளுக்கு அரைகுறைச் செய்தி எப்படி இருக்கும்? கோபத்தை இடுப்பில் செருகிக்கொண்டு படிப்பகத்துக்குப் போனேன்.

பெரிய வலை வைத்திருக்கும் முனுசாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "அத்த மட்டும் படிக்காத ஏகாம்பரம். வெளிய தெரிஞ்சா மார்க்கெட்டு பேஜாரா பூடும்" என்றார்.

"ஒரு தபா வாய மூடிகினு இருந்தேன் நைனா. போதும்."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் முழுவதையும் வாசித்தார். பிறகு பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

"அமெரிக்காக்காரனும் ரஷ்யாக்காரனும் எத்தினி குண்டு வெச்சிகினு கீறானுங்க, ஒண்ணொண்ணும் எம்மாம் பெரிசுன்னு ஒலகத்துக்கு முன்னால சொல்லணும். அது வரிக்கும் நம்ம புள்ளைங்க கண்ணக் கட்டிகினுதான் கடலுக்குப் போவுது."

முனுசாமி சிரித்தார். "கரைக்கு வர்ற கட்டுமரத்தப் பாத்து எத்தினி மீனுன்னு கேட்டா நாம இன்னா பண்ணுவோம்? வாயிலயே போடுவோம். நம்மளே வலயால மூடிகினு வரோம். ராஜாங்கம் மட்டும் தொறந்து காட்டணுமா?"

எங்கள் கரையில் அப்படித்தான். ஏலம் தொடங்கும் வரை மரத்தில் என்ன கிடக்கிறது என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. எல்லோரும் முனுசாமியோடு சேர்ந்து சிரித்தார்கள்.

"மூடி வெச்சா மீனு நாறும் நைனா, ஊருக்கே தெரிஞ்சிடும். குண்டு நாறாது. வெடிச்சாத்தான் தெரியும்."

"சொன்னா, எதிராளி அத்தவிட ஒண்ணு கூட செய்வான்யா."

"சொல்லாங்காட்டி பயத்துல செய்வான். பயத்துக்கு அளவு ஏது?"

எனக்குப் பொறுக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டேன். "சொல்றவன் நெசத்தச் சொல்லுவான்னு இன்னா நிச்சயம்? ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு, பொண்டாட்டிய மட்டும் ரயிலேத்தி வுடுவான்."

அவர் முகம் சுண்டியது. ஆனாலும் பதில் சொன்னார்.

"பொய்யாவே இருக்கட்டும்கா. சொன்ன பொய்ய வெச்சிகினு எப்ப வோணா நிறுத்திக் கேக்கலாம். இத்தினி வருசம் கயிச்சி நீ என்னக் கேக்கற இல்ல? வாயே தொறக்காதவன எத்தப் புடிச்சிக் கேப்ப?" பிறகு, "சொன்னா ஜனம் ஓடி மிதிபட்டுச் சாவும்னாரு மேலதிகாரி. நம்பினேன். சொல்லாமயும்தான் ஓடினீங்க" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுவே இன்னொரு கோபமாக என்னோடு வீட்டுக்கு வந்தது.

மறுநாள் காலை கரையில் பெண்கள் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். கரையில் கிடக்கும் மீனில் மணல் ஒட்டியிருக்கும். அதைச் சாம்பல் என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்களே என்று, குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக் கொண்டுபோனோம். ஆனால் புளியந்தோப்பில் மீன் வாங்குகிறவள் மணலைப் பார்த்துத்தான் வாங்குவாள். மணல் இருந்தால் இன்றைய மீன்.

"இன்னாமே, பளபளன்னு கயுவி வெச்சிகீற? நேத்து மீனா?"

ஒருத்தியும் தொடவில்லை. எல்லாம் கருவாட்டுக்குப் போயிற்று. கழுவின கைகள் எங்களுடையவை. திட்டு வாங்கியது ஏகாம்பரம். அவர் வீட்டுக்கு யாரும் மீன் கொடுக்கக் கூடாது என்று கரையில் பேச்சாயிற்று. சரோஜா பையோடு வந்து வெறும் பையோடு திரும்பினாள். அன்று மாலையும் அவர் படிப்பகத்தில் உட்கார்ந்து வாசித்தார். கேட்க ஆளில்லை. வெளியே நின்ற என் காதில் விழுந்தது.

"நம்ம கடலுக்கு வந்துட்டதுன்னு போடல. வராதுன்னும் போடல."

இரவெல்லாம் அந்த இரண்டு வாக்கியமும் மாறி மாறி என்னைப் புரட்டின. குப்பன் விடியுமுன் கிளம்பினான். தடுக்கவும் வாய் வரவில்லை, போ என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அன்று நான் மீனைக் கழுவவில்லை. "சாம்பல்னு பேசிக்கிறாங்களே" என்று கேட்டவளிடம், "ஜப்பான்காரன் தொழில் பண்ற கடல்ல கொட்டிச்சாம். இங்க வந்துதான்னு எனக்குத் தெரியாது. இது மண்ணு, தொட்டுப் பாரு. என் புள்ள வூட்லயும் இதான் கொயம்பு" என்றேன். அவள் மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாங்கினாள். மிச்சத்தில் ஒரு கூறு மீனை மணலோடு எடுத்துப்போய்ச் சரோஜாவின் பையில் போட்டேன். அவள் கண் கலங்கினாள். "மீனுதான் குடுத்தேன், வேற ஒண்ணும் குடுக்கல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

துக்கத்துக்குப் போனபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இப்பவாவது அவர மன்னிச்சிட்டியாக்கா?" இல்லை என்றேன். ஆறுதலுக்காக ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் படுத்திருந்த வீட்டில் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் தலையை ஆட்டினாள், கையை விடவில்லை.

குண்டுகளின் எண்ணிக்கையை இன்று வரை ஒருவனும் சொல்லவில்லை. ஒருவன் வெடித்தால் மற்றவனும் வெடித்துப் பார்க்கிறான் என்று மட்டும் பேப்பரில் வருகிறது. குப்பனோடு இப்போது என் பேரனும் கட்டுமரம் ஏறுகிறான். கடல் பக்கம் வானம் சாம்பல்போல வெளுத்துக் கிடந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஏகாம்பரத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது பயம் போகிற மருந்து அல்ல. பயத்தோடு போய் நின்று கேட்கிற பழக்கம்.

இப்போது படிப்பகத்தில் ஒரு வாத்தியார் வாசிக்கிறார். நேற்று ஏதோ ஒரு குண்டுச் செய்தியை முடித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டப் போனார். நிறுத்தினேன்.

"எத்தினி வெச்சிகினு கீறான்னு போட்டுகீதா?"

"இல்ல ஆயா."

"அப்ப அத்தயும் சேத்துப் படி. போடலன்னு சத்தமா சொல்லு."